முறை அறிந்தோர், கை கொடுத்தோர், பொறுப்பேற்றோர்: தமிழ்த் திருமண ஏற்பாட்டின் வரலாறும் பிஸ்கட்டவேத் தமிழரும்

நியூ ஜெர்சி மாநிலத்தின் மிடில்செக்ஸ் கவுண்டியில் அமைந்த பிஸ்கட்டவே, 2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி 60,804 பேர் வாழும் ஊர். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் புஷ், லிவிங்ஸ்டன் வளாகங்கள் இங்குள்ளன. மின்பொறியாளர்களின் உலக அமைப்பான ஐ.இ.இ.இ.யின் செயல்பாட்டு மையமும் இங்கேதான். அண்டை ஊரான எடிசனின் ஓக் மரச் சாலை, அமெரிக்க இந்தியர் அனைவரும் அறிந்த கடைவீதி. இப்பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகளின் திருமணம் உறுதியானவுடன் எழும் கேள்விகளுள் ஒன்று, பேச்சு வழக்கில் ‘வெட்டிங் பிளானர்’ எனப்படும் திருமண ஒருங்கிணைப்பாளரை அமர்த்துவதா, வேண்டாவா என்பது. அமர்த்துவதெனில் எவரை என்பது அடுத்த கேள்வி.

இக்கேள்வி அமெரிக்க வாழ்வு தந்த புதுக்கேள்வி என்றும், காசு கொடுத்துக் கல்யாணம் நடத்துவது தமிழ் மரபுக்கு அயலானது என்றும் ஒரு கருத்து நிலவுகிறது. இக்கட்டுரை அக்கருத்தை ஏற்கவில்லை. தமிழ்த் திருமணங்களை நடத்திக் கொடுத்தவர்கள் எக்காலத்தும் இருந்தனர். ஆயின் இன்று ‘ஏற்பாடு’ என ஒரே சொல்லால் நாம் குறிப்பது உண்மையில் மூன்று வேறு செயல்கள். எதன்பின் எது என்னும் முறையை அறிந்திருத்தல் ஒன்று. பந்தலிடுவது முதல் இலையெடுப்பது வரை கை கொடுத்தல் மற்றொன்று. பிழை நேர்ந்தால் அதற்கு விடை சொல்லும் பொறுப்பை ஏற்றல் மூன்றாவது. இம்மூன்றும் தமிழக வரலாற்றில் எவ்வாறு ஒன்றாயிருந்தன, எவ்வரிசையில் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து விலைக்கு வந்தன என்பதைக் காண்பதே இங்கு நோக்கம்.

முதுபெண்டிரும் அருமைக்காரரும்

தமிழ்த் திருமணத்தின் மிகப் பழைய விரிவான சித்திரங்கள் அகநானூற்றின் 86, 136 ஆகிய பாடல்களில் கிடைக்கின்றன. நல்லாவூர் கிழார் பாடிய 86-ஆம் பாடலைச் சடங்கு வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் அதில் இல்லாதவற்றுக்காகவே மேற்கோள் காட்டுவர்: எரி வலம் வருதல் இல்லை, மந்திரம் ஓதும் ஆடவர் இல்லை என்பர். அப்பாடலில் இருப்பது அதனினும் கருதத்தக்கது. உளுந்து சேர்த்துச் சமைத்த உணவு பரிமாறப்படுகிறது, பந்தலின்கீழ் மணல் பரப்பப்படுகிறது, விளக்கேற்றப்படுகிறது, திங்கள் உரோகிணியைக் கூடிய விடியற்பொழுது தெரிந்தெடுக்கப்படுகிறது. தலையில் குடமும் கையில் புதிய அகன்ற கலமும் ஏந்திய முதிய மங்கல மகளிர், முன்னர்த் தரவேண்டியதை முன்னரும் பின்னர்த் தரவேண்டியதைப் பின்னருமாக எடுத்து நீட்டுகின்றனர். மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர்.

பொருள்களை வரிசை பிறழாமல் எடுத்துக் கொடுக்கும் அம்முதுபெண்டிரே நம் ஆய்வுக்கு முதன்மையானவர்கள். இன்றைய திருமண மண்டபத்தில் காதில் ஒலிவாங்கியும் கையில் பட்டியலுமாய் நிற்கும் ஒருங்கிணைப்பாளர் செய்யும் வேலையும் அடிப்படையில் இதுவே. வேறுபாடு ஒன்றுண்டு. அம்மகளிர் முறையும் அறிந்திருந்தனர், கையும் கொடுத்தனர், வாழ்த்தும் உரிமையும் பெற்றிருந்தனர். அவ்வுரிமை அவர்கள் வாழ்ந்த வாழ்விலிருந்து வந்ததேயன்றிப் பயின்ற தொழிலிலிருந்து வரவில்லை. விற்றூற்று மூதெயினனார் பாடிய 136-ஆம் பாடலிலும் ஊன் கலந்த சோறு, பந்தல், முழவு, உரோகிணி நாள் எனக் காட்சி விரிகிறது. அங்கும் நடத்துநர் சுற்றத்தாரே.

சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடலில் நிலைமை மாறுகிறது. யானைமேல் அமர்ந்த மகளிர் புகார் நகரத்தார்க்குத் திருமணச் செய்தி அறிவிக்கின்றனர். முதிய அந்தணன் மறைவழி காட்ட, மணமக்கள் தீவலம் வருகின்றனர். முறை அறியும் பணி சுற்றத்துக்கு வெளியே உள்ள ஒருவரிடம் சென்றமைக்கு இதுவே இலக்கியச் சான்று. தொல்காப்பியம் கற்பியலில் கரணம் யாக்கப்பட்டதற்குக் கூறும் காரணமும் ஈண்டு நினைக்கத்தக்கது. பொய்யும் தவறும் மிகுந்தமையால் மேலோர் சடங்கை வகுத்தனர் என்பது அந்நூலின் விளக்கம். சடங்கு, அந்நோக்கில், அழகுக்காக வந்ததன்று. பின்னர் மறுக்க இயலாதவாறு பலர் முன்னிலையில் பொறுப்பை நிறுவுவதற்காக வந்தது.

கொங்கு நாட்டில் பழைய அமைப்பு அண்மைக்காலம் வரை ஏறத்தாழ முழுமையாக நிலைத்தது. கொங்கு வேளாளர் திருமணங்களில் சீர்களை நடத்துபவர் அருமைக்காரர். பெண்டிர்க்குரிய சீர்களை நடத்துபவர் அருமைக்காரி. இவர்கள் அச்சமூகத்தவரே. இல்லறம் நடத்தி மக்களைப் பெற்று, அதற்கென அமைந்த சடங்கின் வழியே இத்தகுதியை அடைந்தவர்கள். குடிமகன் எனப்படும் நாவிதர் மங்கல வாழ்த்துப் பாடுவார். அப்பாடலைக் கம்பர் இயற்றியதாகக் கொங்கு மக்கள் கூறுவர். இணைச்சீர் போன்ற சடங்குகளில் எவர் எங்கு நிற்பது, எந்தக் கூடையை எவர் தூக்குவது என்பதெல்லாம் அருமைக்காரர் சொல்லே முடிவு. 1972-இல் வெளிவந்த பிரெண்டா பெக்கின் கொங்குச் சமூகம் பற்றிய நூல் இவ்வமைப்பை அறிய இன்றும் உதவுகிறது. அருமைக்காரர் ஊதியம் பேசிக்கொள்வதில்லை. சீர் பிறழ்ந்தால் ஊர் அவரைத்தான் கேட்கும்.

இவ்வமைப்பை எண்ணி ஏங்குவோர் ஒன்றை மறத்தலாகாது. ‘அன்று எல்லாரும் சேர்ந்து செய்தார்கள்’ என்னும் கூற்றில் அடங்கிய ‘எல்லாரும்’ சமநிலையினர் அல்லர். மாற்று விரித்த வண்ணாரும், தலைமழித்து வாழ்த்துப் பாடிய நாவிதரும், பறையறைந்தோரும் சாதிக் கடமையாகவே அவற்றைச் செய்தனர். களத்தில் அளக்கும் தானியமும் விழாவில் தரும் துணியுமே கைம்மாறு. மறுக்கும் உரிமை அவர்களுக்கு இருந்ததில்லை. வீட்டினுள் நாள்கணக்கில் மாவிடித்தும் அப்பளம் இட்டும் பலகாரம் சுட்டும் உழைத்த பெண்டிர்க்கும், அவர்களுள் குறிப்பாகக் கைம்பெண்களுக்கும், மணமேடையருகே இடம் இருந்ததில்லை. விலை கொடுத்து அமர்த்தும் ஏற்பாட்டின் வரலாற்றை மதிப்பிடுகையில் இதனையும் தட்டில் வைத்தே நிறுக்கவேண்டும்.

எழுதி வைத்த பொறுப்பு

பொறுப்பை எழுத்தில் கட்டும் வழக்கமும் தமிழகத்தில் புதியதன்று. நகரத்தார் திருமணங்களில் எழுதப்படும் இசைகுடிமானம் இரு வீட்டாரும் ஒப்புக்கொண்ட திருமண ஆவணம். இளையாற்றங்குடி, மாத்தூர், வயிரவன்பட்டி, பிள்ளையார்பட்டி முதலிய ஒன்பது நகரக்கோயில்களுள் தத்தம் கோயிலிலிருந்து மாலை வந்தால்தான் அத்திருமணம் சமூகத்தால் ஏற்கப்பட்டதாகும். மொய்ப்பணத்துக்கும் ஏடு உண்டு. கடல்கடந்து வட்டித்தொழில் நடத்திய ஒரு சமூகம் திருமணத்தையும் கணக்கேட்டின் ஒழுங்கோடு நடத்தியதில் வியப்பில்லை. ஒப்பந்தம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் ‘கல்யாணத்தில் என்ன ஒப்பந்தம்’ என முகம் சுளிப்போர்க்கு இவ்வாவணங்களே போதிய விடை.

விரிஞ்சிபுரம் கோயிலில் உள்ள 1425-ஆம் ஆண்டுக் கல்வெட்டும் இவ்வகையினதே. படைவீட்டு இராச்சியத்து அந்தணர், கன்னட, தமிழ், தெலுங்கு, இலாட மரபினர் அனைவரும் கூடி, பொன் வாங்கிக்கொண்டு பெண் கொடுக்கவோ பொன் கொடுத்துப் பெண் கொள்ளவோ கூடாது என்றும், மீறுவோர் அரச தண்டனைக்கும் விலக்குக்கும் உரியர் என்றும் எழுதிக் கையொப்பமிட்டனர். திருமணச் செலவு குடும்பத்தின் தனிவிருப்பமாக மட்டும் விடப்படவில்லை என்பதை இது காட்டுகிறது. அரசும் தன் பங்கை விடவில்லை: பல்லவர் காலம் முதற்கொண்டு கண்ணாலக்காணம் என்னும் திருமண வரி ஆவணங்களில் பயில்கிறது. நியூ ஜெர்சியில் திருமண உரிமத்துக்குச் செலுத்தும் 28 டாலர் அதன் தொலைதூர உறவு எனலாம்.

காண்டிராக்டரின் வருகை

இருபதாம் நூற்றாண்டுச் சென்னையில் மூன்று செயல்களுள் முதலில் விலைக்கு வந்தது கை கொடுத்தலே. மணப்பெண் வீட்டு வாசலிலும் தெருவிலும் பந்தலிட்டு நாற்பது ஐம்பது உறவினர் முன்னரே வந்து தங்கி நான்கைந்து நாள் நடந்த திருமணம், வாடகைக் கல்யாண மண்டபத்துக்குப் பெயர்ந்தது. பெயர்ந்தவுடன் நாள் குறைந்தது. ஒன்றரை நாளே மண்டபம் நம்முடையது என்றானபின் மாவிடிக்கப் பொழுதேது? அலுவலகப் பணியும் சிறு குடியிருப்புகளும் உறவினரின் நெடுநாள் தங்கலை இயலாததாக்கின. பரிசாரகராகத் தொடங்கிய சமையற்கலைஞர் கல்யாண காண்டிராக்டர் ஆயினர். அறுசுவை நடராஜன் போன்றோரின் பெயர்கள் பத்திரிகையில் அச்சிட்ட அழைப்பிதழைவிட விருந்தினரை ஈர்க்கும் அளவுக்குப் புகழ்பெற்றன.

காண்டிராக்டர் ஒரு தொகைக்கு ஒப்புக்கொள்வார்: காலைச் சிற்றுண்டி முதல் கட்டுச்சாதக் கூடை வரை, இத்தனை இலைக்கு இவ்வளவு. பின்னர்ச் சீர்த்தட்டு, பூ, மேளம், வாத்தியார், அறை, கார் எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகப் பேசும் வழக்கமும் வந்தது. மொத்தத் தொகை முன்பே முடிவாகிவிடுவதால், செலவு குறையக் குறைய அவருக்கு ஆதாயம். எனவே இவ்வமைப்பில் குடும்பத்தினர் அஞ்சவேண்டியது, முந்திரி குறைவதையும் மூன்றாம் பந்தியில் பாயசம் நீர்ப்பதையும். அதனைக் கண்காணிக்கவே கலவறைக்கு ஒரு சித்தப்பாவோ பெரியப்பாவோ காவலிருந்தார். கை விலைக்கு வந்தபின்னும் பொறுப்பு சுற்றத்திடமே தங்கியது என்பதற்கு அந்தக் கலவறைச் சாவியே சான்று.

முறை அறிதலும் இக்காலத்திலேயே கேள்விக்குள்ளானது, வேறொரு திசையிலிருந்து. 1928-இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்த சுயமரியாதைத் திருமணம், புரோகிதரை மட்டும் விலக்கவில்லை. நடத்துநர் என்னும் நிலையையே மாற்றியமைத்தது. தலைமை தாங்குபவர் ஒருவர், வாழ்த்துரைப்பவர் சிலர், மாலை மாற்றுதல், உறுதிமொழி. அறியவேண்டிய முறை என்பது ஓர் அழைப்பிதழில் அடங்கும் அளவுக்குச் சுருங்கியது. சுருக்கத்துக்கு ஒரு விலையும் இருந்தது: 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் தெய்வானை ஆச்சி வழக்கில் இத்தகைய மணம் செல்லாது என்றது. அண்ணா அமைச்சரவை 1967-இல் கொண்டுவந்த திருத்தச் சட்டமே, 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்து, அதனைச் செல்லத்தக்கதாக்கியது. மணமக்களே தம் திருமணத்தை வடிவமைக்கலாம் என்னும் எண்ணத்துக்குத் தமிழகத்தில் சட்ட வேர் இதுதான். பிஸ்கட்டவேயில் தம் உறுதிமொழியைத் தாமே எழுதிப் படிக்கும் இளையோர் அதனை அமெரிக்க வழக்கமென நினைப்பது அவர்கள் குற்றமன்று.

வாஷிங்டனுக்குச் சென்ற கற்பனை

1963-இல் ஆனந்த விகடனில் சாவி எழுதிய ‘வாஷிங்டனில் திருமணம்’ நகைச்சுவைத் தொடராகவே பெரும்பாலும் வாசிக்கப்படுகிறது. நம் பொருளுக்கு அது ஓர் அரிய வரலாற்றுச் சான்று. அமெரிக்கச் செல்வச் சீமாட்டி ராக்ஃபெல்லர் மாமி ஒரு தமிழ்த் திருமணத்தைத் தம் நாட்டில் நடத்திப் பார்க்க விரும்புகிறார். சாஸ்திரிகள், சமையற்காரர், அப்பளம் இடும் பாட்டிமார், நாகசுரக் கலைஞர், உறவினர் என ஒரு முழு ஊரே விமானமேறுகிறது. சாவியின் கூர்மை இங்கேதான்: ஒரு தமிழ்த் திருமணத்தை நகர்த்தவேண்டுமெனில் மணமக்களையும் தாலியையும் மட்டும் நகர்த்தினால் போதாது; அதனைச் சூழ்ந்த மனிதர் அனைவரையும் நகர்த்தவேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். செலவெல்லாம் ஏற்கும் ராக்ஃபெல்லர் மாமிக்கு முறை தெரியாது. முறை தெரிந்தோரிடம் செல்வமில்லை. தமிழிலக்கியத்தில் தோன்றிய முதல் அமெரிக்கத் திருமண ஒருங்கிணைப்பாளர் அவரே என்றால் மிகையாகாது.

தொடர் வெளிவந்த இரண்டாண்டில், 1965 அக்டோபரில், ஜான்சன் கையொப்பமிட்ட குடியேற்றச் சட்டம் தமிழர்க்கு அமெரிக்கக் கதவைத் திறந்தது. நடந்தது சாவியின் கற்பனைக்கு நேர்மாறு. மருத்துவரும் பொறியாளரும் தனியாளாய்ச் சென்றனர். பாட்டிமார் ஊரில் இருந்துவிட்டனர். அத்தலைமுறையினர் பெரும்பாலும் மூன்று வார விடுப்பில் ஊர் வந்து மணமுடித்துத் திரும்பினர். ஏற்பாடெல்லாம் பெற்றோருடையது, அவர்கள் செய்ததெல்லாம் மணையில் அமர்ந்தது மட்டுமே. ஆகவே, அமெரிக்க மண்ணில் ஒரு திருமணத்தை எவர் நடத்துவது என்னும் கேள்வி அவர்கள் பிள்ளைகள் வளர்ந்து ஆளாகும்வரை எழவே இல்லை. எழுந்தபோது, ஒரு திருமணத்தையேனும் நடத்திப் பழகிய பெரியவர் வீட்டில் எவருமிலர். இந்த ஒரு தலைமுறை இடைவெளியே, அமெரிக்கத் தமிழரிடையே ஒருங்கிணைப்பாளர் தேவைப்பட்டமைக்குச் செல்வத்தைவிடவும் பெரிய காரணம் என்பது இக்கட்டுரையின் முடிபு.

இடைவெளியை முதலில் நிரப்ப முயன்றவை கோயில்கள். 1977-இல் குடமுழுக்குக் கண்ட நியூயார்க்கு ஃபிளஷிங் மகா வல்லப கணபதி கோயில், அதே ஆண்டின் பிட்ஸ்பர்க் வேங்கடேசுவரர் கோயில், டெக்சஸ் பேர்லாந்தில் 1982-இல் எழுந்த மீனாட்சி கோயில், கலிபோர்னியா லிவர்மோரில் 1986-இல் அமைந்த சிவா விஷ்ணு கோயில், 1998-இல் வந்த பிரிட்ஜ்வாட்டர் வேங்கடேசுவரர் கோயில் ஆகியவை வழிபாட்டிடமாக மட்டுமின்றி மண்டபமும் மடைப்பள்ளியும் குருக்களும் ஒருங்கே கிடைக்குமிடமாகவும் அமைந்தன. தமிழ்ச் சங்கத்து நண்பர்கள் சித்தப்பா, அத்தை முறையேற்றுக் கை கொடுத்தனர். வார இறுதியில் எட்டு வீட்டுச் சமையலறைகளில் லட்டுப் பிடித்து நடத்திய திருமணங்கள் அவை. விருந்தினர் முந்நூறைத் தாண்டாதவரை அது இயன்றது.

பிஸ்கட்டவேயில் என்ன நேர்கிறது

1990-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் ஹெச்-1பி நுழைவிசைவை உருவாக்கியது; ஈராயிரமாம் ஆண்டுக் கணினிப் பணிகள் பல்லாயிரவரை நியூ ஜெர்சிக்குக் கொணர்ந்தன. இரண்டாம் உலகப் போரில் படைமுகாமாகவும் 1956-க்குப் பின் அங்கேரிய அகதிகளின் தங்குமிடமாகவும் இருந்த கில்மர் முகாம் நிலத்தில்தான் இன்றைய லிவிங்ஸ்டன் வளாகம் நிற்கிறது. அடுத்தடுத்த பெயர்வுகளுக்குப் பழகிய மண் அது. புதிதாய் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது மணப்பருவம் எய்தியுள்ளனர்.

இவர்கள் அடைவது ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் ஒரு திருமணச் சந்தையை. ராயல் ஆல்பர்ட்ஸ் பேலஸ் போன்ற பெருமண்டபங்களும், விருந்து விடுதிகளும், அலங்காரத்தாரும், மாப்பிள்ளை ஊர்வலக் குதிரைகளும் மத்திய நியூ ஜெர்சியில் உண்டு. ஆனால் அச்சந்தை குசராத்தியர், பஞ்சாபியர் திருமணங்களைச் சுற்றி வளர்ந்தது. அதன் பட்டியலில் மெகந்தி, சங்கீத், பராத் என வரிசை இருக்கும். பாலிகை தெளித்தல், காசியாத்திரை, மாலை மாற்று, ஊஞ்சல், தாய்மாமன் சீர், நாத்தனார் முடிச்சு இரா. முகூர்த்தத்தைக் கடிகார நிமிடத்துக்குக் கட்டவேண்டும் என்பதையும், தாலி கட்டும் கணத்தில் கெட்டிமேளம் முழங்கவேண்டும் என்பதையும், விருந்தினர் பாதிப்பேர் அக்கணத்துக்குப் பின் நேரே பந்திக்குப் போவர் என்பதையும் அறியாத ஒருங்கிணைப்பாளர், எத்துணைத் தேர்ச்சி பெற்றவராயினும், தமிழ்த் திருமணத்துக்குப் பாதியே பயன்படுவார்.

நாள் பார்ப்பதிலேயே சிக்கல் தொடங்குகிறது. அமெரிக்கப் பள்ளி, அலுவலக நெடுவிடுமுறைகள் இரண்டு: சூலை-ஆகத்து, திசம்பர் இறுதி. முதலாவது ஆடியிலும் இரண்டாவது மார்கழியிலும் விழுகின்றன. தமிழர் மணமுடிக்கத் தயங்கும் இரு திங்களும் அவையே. எஞ்சியுள்ள வைகாசி, ஆனி, ஆவணி வார இறுதிகளுக்கு எல்லா இந்தியக் குடும்பங்களும் போட்டியிடுவதால் மண்டபத்தை ஓராண்டுக்கு முன்னரே பிடிக்கவேண்டியுள்ளது. சென்னையில் அச்சான பஞ்சாங்கத்து இராகுகாலம் இங்குப் பயன்படாது. உள்ளூர்ச் சூரிய உதயத்துக்கும் கோடைக்கால மணிமாற்றத்துக்கும் ஏற்பக் கணிக்கவேண்டும். காலை எட்டு மணி முகூர்த்தமெனில் விடுதிப் பணியாளர் நள்ளிரவில் மேடையமைக்கவேண்டும்; அதற்கான மிகைநேரக் கட்டணத்தை முன்கூட்டியே பேசாத குடும்பம் இறுதிக் கணக்கில் அதனைக் காணும்.

அடுத்தது தீ. ஓமம் வளர்க்க விடுதி நிருவாகத்தின் ஒப்புதலோடு உள்ளூர்த் தீத்தடுப்பு அலுவலரின் இசைவும் தேவைப்படுவதுண்டு; புகையுணர்கருவிகளை என்ன செய்வது, எவர் உடனிருந்து காப்பது என்பவற்றை எழுதிப் பெறவேண்டும். வெளியார் உணவை ஏற்கும் விடுதிகள் காப்பீட்டுச் சான்று கேட்கும். சட்டப்படியான உரிமம் தனி வேலை: விண்ணப்பித்து 72 மணிநேரம் காத்திருக்கவேண்டும், 30 நாளுக்குள் மணமுடிக்கவேண்டும், சாட்சிகள் இருவர் வேண்டும். டெக்சசிலும் 72 மணிநேரக் காத்திருப்பு உண்டு, கலிபோர்னியாவில் இல்லை. தாலி ஏறியும் உரிமம் வாங்காததால் அரசுப் பதிவில் மணமாகாதவராய் நிற்பது இங்கு இயலக்கூடியதே.

எல்லாவற்றினும் கடினமானது எண்ணிக்கை. தமிழ் அழைப்பிதழ் சுற்றமும் நட்பும் சூழ வருக என்று அழைக்கிறது. எத்தனை பேர் என்று கேட்பதில்லை. பந்தி, வருவோர்க்கு ஏற்ப விரியும் இயல்புடையது. இன்னும் இருபது இலை என்றால் இருபது இலை போடுவர். நியூ ஜெர்சி மண்டப ஒப்பந்தமோ தலைக்கு இவ்வளவு எனக் கணக்கிட்டு, முன்கூட்டியே உறுதியெண்ணைக் கேட்கிறது; வராதவர்க்கும் பணம் உண்டு, எதிர்பாராது வந்தவர்க்கு நாற்காலி இல்லை. வருவதாய் விடையனுப்புமாறு ஊர்ப் பெரியவரைக் கேட்பது அவருக்கு அவமதிப்பாய்த் தோன்றலாம். பிஸ்கட்டவேத் தந்தை ஒருவர் இரவில் தூங்காது எண்ணுவது பெரும்பாலும் இதனைத்தான். இந்த நெருடலை எந்த ஒருங்கிணைப்பாளரும் தீர்த்துவைக்க இயலாது. மாமாவைத் தொலைபேசியில் அழைத்து உரிமையோடு கேட்க ஒரு மருமகனால்தான் இயலும்.

ஊதியமும் சார்பும்

அமெரிக்க ஒருங்கிணைப்பாளர் பணி மூவகை. தொடக்கம் முதல் இறுதிவரை முழுப்பொறுப்பு. குடும்பம் முடிவெடுத்தபின் இடையில் சேரும் பகுதிப்பொறுப்பு. ஏறத்தாழ ஒரு திங்களுக்கு முன் ஆவணங்களைப் பெற்றுக்கொண்டு அந்நாளை மட்டும் நடத்தும் பொறுப்பு. ஊதியமும் மூவகை: நிலைத்த தொகை, மணிக்கணக்கு, மொத்தச் செலவில் விழுக்காடு. வரலாற்று நோக்கில் கவனத்துக்குரியது மூன்றாவது ஊதிய முறை. சென்னைக் காண்டிராக்டர்க்குச் செலவு குறைந்தால் ஆதாயம். விழுக்காட்டு ஒருங்கிணைப்பாளர்க்குச் செலவு கூடினால் ஆதாயம். கலவறையில் சித்தப்பாவைக் காவல் வைக்கப் பழகிய குடும்பம் இங்கு எதிர்த்திசையில் காவல் வைக்கவேண்டும். பூக்காரரிடமிருந்தோ அலங்காரத்தாரிடமிருந்தோ அவர் தரகு பெறுகிறாரா என நேர்ந்து கேட்பதும், விடையை ஒப்பந்தத்தில் எழுதிப் பெறுவதும் முறையே. இசைகுடிமானம் எழுதிய மரபினர்க்கு இதில் நாணமென்ன?

எவர்க்கு வேண்டும், எவர்க்கு வேண்டா என்பதற்கு மூன்று செயல்களாய்ப் பிரித்துப் பார்ப்பதே வழி. கோயில் மண்டபத்தில் இருநூறு பேரோடு நடக்கும் திருமணத்தில் முறையைக் குருக்களும், கையைச் சங்கத்து நண்பரும் தருவர். அங்கு ஒருங்கிணைப்பாளர் மிகை. விடுதியில் காலை மணமும் மாலை வரவேற்பும் ஒரே கூடத்தில் நடக்க, இடையே நான்கு மணிநேரத்தில் மேடை மாறவேண்டுமெனில், அந்நாளை நடத்த ஒருவரை அமர்த்தாவிடின் பெண்ணின் தாய் மணமேடையில் இருக்கவேண்டிய வேளையில் ஏற்றுமதி வாயிலில் நிற்பார். சங்க காலத்து முதுபெண்டிர்க்கு வாழ்த்தும் உரிமை இருந்ததை மேலே கண்டோம். தாயை அவ்வுரிமைக்கு மீட்டுத்தருவதே ஒருங்கிணைப்பாளர் பணிக்குரிய நேரிய விலை. இருவேறு மரபினர் மணக்கும் திருமணங்களில், எடுத்துக்காட்டாகத் தமிழ் மணமகளும் குசராத்தி மணமகனும் எனில், இரு வீட்டுக்கும் உறவல்லாத ஒருவர் நேரத்தைப் பங்கிடுவது சண்டையைக் குறைக்கும். இங்கு அயலார் என்பதே அவருடைய தகுதி.

தெரிவு செய்கையில் முந்தைய திருமணங்களின் ஒளிப்படங்களைப் பார்ப்பதே வழக்கமாகியுள்ளது. ஒளிப்படம் அலங்காரத்தைக் காட்டும், முறையைக் காட்டாது. முன்பு நடத்திய ஒரு தென்னிந்தியத் திருமணத்தின் நிமிட வாரியான நிகழ்வுநிரலைக் கேட்டுப் பெறுவது மிகுபயன் தரும். அதில் மாலை மாற்றுக்கும் ஊஞ்சலுக்கும் எவ்வளவு பொழுது, பால் பழம் கொடுக்கும் மகளிர் எத்துணைப் பேர், அவர்களை எவர் அழைப்பது என்பன இருப்பின் அவர் முறை அறிந்தவர். ‘சடங்கு: 90 நிமிடம்’ என ஒரே வரியிருப்பின் அவர் கை கொடுப்பவர் மட்டுமே, அதற்குரிய ஊதியமே அவர்க்குப் போதும், முறைக்குத் தனியே ஓர் அத்தை வேண்டும்.

பொறுப்பு விலைக்கு வருமா என்பது எஞ்சும் கேள்வி. 2020 மார்ச்சு 21-இல் நியூ ஜெர்சி ஆளுநர் மர்ஃபி 107-ஆம் ஆணையால் மக்களை வீட்டிலிருக்கப் பணித்தபோது, வசந்தகாலத் திருமணங்கள் யாவும் நின்றன. எவர் முன்பணத்தைத் திருப்புவது, எந்த விதியின்கீழ் நாளை மாற்றுவது என்னும் வினாக்களுக்கு ஒப்பந்தத்தின் இயற்கையிடர் விதியே விடை சொன்னது; அதனைப் படித்திருந்த ஒருங்கிணைப்பாளர் உள்ள குடும்பங்கள் பிழைத்தன. ஆனால் மணத்தை நடத்துவதா, ஒத்திவைப்பதா, மே முதல் நாள் வந்த 135-ஆம் ஆணை இசைந்தவாறு காணொளி வழியே முடிப்பதா என்பதை வீட்டாரே முடிவு செய்தனர். முகூர்த்தம் தவறலாகாது எனக் கருதிய சிலர் வீட்டுப் பின்கட்டில் பத்துப் பேரோடு தாலி கட்டினர். ஊரிலிருந்த பாட்டி திரையில் பார்த்து அட்சதை தூவினார். விலைக்கு வாங்கிய பொறுப்பு பணத்தளவில் நின்றது. மற்றது குடும்பத்திடமே திரும்பியது.

ஆய்வு நூலகங்களின் கவனத்துக்கு ஒன்று உரியது. நகரத்தார் வீடுகளில் இசைகுடிமானங்களும் மொய்ப்பண ஏடுகளும் பேணப்பட்டமையால் அச்சமூகத்தின் திருமண வரலாற்றை எழுத இயல்கிறது. பிஸ்கட்டவேத் திருமணங்களின் நிகழ்வுநிரல்கள், விருந்தினர் பட்டியல்கள், மண்டப ஒப்பந்தங்கள் ஆகியன ஒருங்கிணைப்பாளரின் கணினியில் இருந்து, கணக்கு முடிந்தவுடன் அழிகின்றன. காசியாத்திரைக்குக் குடை எங்கிருந்து வந்தது, நாகசுரத்துக்கு மாற்றாய் எந்த ஒலிப்பதிவு ஒலித்தது, பாலிகைக்கு ஒன்பது தானியம் எந்தக் கடையில் வாங்கப்பட்டது என்பனவெல்லாம் அவற்றில்தான் உள்ளன. குடும்பங்களின் இசைவோடு, பெயர்களை நீக்கி, இவற்றைத் திரட்டும் பணியை மாநிலத்துத் தமிழ்ச் சங்கங்களும் தமிழ்ப் பள்ளிகளும் ஏதேனும் ஒரு பல்கலைக்கழக நூலகத்துடன் இணைந்து இப்போதே தொடங்கலாம். 1990-களில் கோயில் மண்டபங்களில் லட்டுப் பிடித்தோர் இன்னும் நம்மிடையே உள்ளனர்.